பவழமல்லியில் உதிர்ந்த எழுத்து

வேங்கிக்கால், திருவண்ணாமலை
9.9.2004

இளவரசன் மாமாவுக்கு,

ரேணுகாம்பாள் எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள்.

நிச்சயத்துக்கு வந்தவர் மோதிரம் போட்டோமா, விருந்து சாப்பிட்டோமா, பெங்களூர் பஸ் ஏறினோமா என்று இருந்திருக்கலாம். சாயங்காலம் என் டிடிபி கடைக்குள் நுழைந்து, "எதுக்கு ரேணு திருட்டு விண்டோஸு? வாராவாரம் வைரஸ் வந்து படுத்துக்கிது. லினக்ஸ் போட்டுடறேன், அது எல்லாருக்கும் பொது. யாருக்கும் பயப்பட வேணாம்" என்றீர்கள். என் விரலில் புது மோதிரம் இருந்தது. அந்த நேரத்தில் கடைக்கு வெள்ளையடிக்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

உங்கள் லினக்ஸைக் குறை சொல்லவில்லை. வைரஸ் வரவில்லை. ஆனால் பவழமல்லி திறக்கவில்லை. தமிழ் அடிக்க எனக்கு இருக்கும் மென்பொருள் அது ஒன்றுதான். அது விண்டோஸுக்காகச் செய்தது. அதைச் செய்த சென்னைக்காரர் கம்பெனியை மூடிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. நான் இதுவரை அடித்த பத்திரிகை, நோட்டீஸ், மனு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இப்போது பெட்டி பூட்டியிருக்கிறது, சாவி பெங்களூரில் இருக்கிறது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு அடிக்க வந்தவர்களை எல்லாம் எதிர்க்கடை சுப்பிரமணியிடம் அனுப்பினேன். "இன்னாம்மா, மாப்பிள வந்து மெஷின கெடுத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். சிரிக்கட்டும், அவருக்கு நல்ல நாள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். விருந்தன்று அத்தை என்ன சொன்னார்கள் என்று நினைவிருக்கிறதா? "கல்யாணத்துக்கு அப்புறம் கடைய யாருக்காச்சும் குடுத்துடலாம். பெங்களூர் போறவளுக்கு இங்க எதுக்குக் கடை?" நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மாமா, இந்தக் கடை நான் உண்டாக்கியது. அப்பா இடம் பிடித்துக் கொடுத்தார், அவ்வளவுதான். இதை மூட எனக்கு மனம் வராது. நம் கல்யாணப் பத்திரிகையையும் இங்கேதான், பவழமல்லியில்தான் அடிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு நாம் எந்த ஊரில் இருக்கப் போகிறோம் என்று எழுதுங்கள். போன் வேண்டாம். வீட்டுப் போன் மணியடித்தால் அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரேணுகாம்பாள்


(அஞ்சலட்டை)

பெங்களூர்
14.9.2004

ரேணுவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆபீஸ் வாசலில் நின்று அவசரமாக எழுதுகிறேன். கவலைப்படாதே. ஒயின் இல்லாததுதான் பிரச்சினை. அன்றைக்கு வீட்டில் கூட்டமாக இருந்ததால் ஒயின் போடாமல் வந்துவிட்டேன். முதலில் ஒயின் உள்ளே போக வேண்டும். அது நன்றாக இறங்கிய பிறகு பவழமல்லி தானாக ஓடும். இங்கே ஆபீசில் நாங்கள் எல்லாரும் ஒயினில்தான் வேலை பார்க்கிறோம். என் ரூமிலும் எப்போதும் ஒயின்தான். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, உலகம் முழுக்க இலவசமாகக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை நானே எடுத்து வருகிறேன். மாமாவுக்கும் காட்டுகிறேன். ஒருமுறை பார்த்துவிட்டால் அவரும் விடமாட்டார்.

அன்புடன்,
இளவரசன்


வேங்கிக்கால்
20.9.2004

மாமாவுக்கு,

உலகத்தில் உறை என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் கடிதத்தை வைத்து ஒட்டி அனுப்புவார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

உங்கள் அட்டையைப் போஸ்ட்மேன் ராமதாஸ் அண்ணன் கடை வாசலில் அப்பாவிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே அவர் முகம் சரியில்லை. "மூர்த்திண்ணே, நான் படிக்கணும்னு படிக்கல. கண்ணுல பட்டுட்ச்சி. கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சது நல்லதா போச்சி" என்றார்.

அப்பா அட்டையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு ஆரம்பித்தார். "வேல செய்யற எடத்துலயே குடிக்கிறானாம். ரூம்லயும் அதானாம். கல்யாணத்துக்கு முன்னாடி என் பொண்ணுக்கே எடுத்துகினு வரானாம். அத்தோட உட்டானா, எனக்கும் ஊத்திக் குடுக்கறானாம். பௌர்ணமி தவறாம மலய சுத்தறவன் நான்." அதே செருப்போடு பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்கு உங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே அண்ணனுக்கும் தங்கைக்கும் நடந்ததை அத்தை எனக்குப் போனில் சொன்னார்கள். "எம் புள்ள மோரு கூட கம்மியாத்தான் குடிப்பான். அவனப் போயி குடிகாரன்னு சொல்றியேண்ணா" என்று அழுதார்களாம். அப்பா அட்டையை நீட்டினாராம். அத்தையும் படித்துவிட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதார்களாம்.

ஒயின் என்பது ஏதோ கம்ப்யூட்டர் சாமான் என்று எனக்குப் புரிந்தது. அப்பாவிடம் வாய் வலிக்கச் சொன்னேன். "கம்ப்யூட்டர் எப்பிடிம்மா ஒயின் குடிக்கும்?" என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததால் நானும் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டேன்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள், உறைக்குள் வைத்து. எனக்கும் ஒன்று எழுதுங்கள். ஊரைப் பற்றிக் கேட்டதற்கு அட்டையில் பதிலே இல்லை. ஒயினுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் போதும்.

இப்படிக்கு,
ரேணுகாம்பாள்


பெங்களூர்
27.9.2004

ரேணுவுக்கு,

உறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறேன். பசை கொஞ்சம் ஜாஸ்தியாகவே போட்டிருக்கிறேன். மாமாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அம்மாவிடம் பேசிவிட்டேன். அவள் என்னை ஊதிக் காட்டச் சொன்னாள், போனில்.

ஒயின் என்பது ஒரு மென்பொருளின் பேர். யார் வைத்த பேரோ, திருவண்ணாமலையில் ஒரு நிச்சயதார்த்தம் அதனால் ஆட்டம் காணும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர் ஆட்டோ ஏறும்போது, இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவர் கூட உட்கார்ந்தால் சண்டையில்லாமல் போய்ச் சேர்வார்கள் இல்லையா? அந்த வேலையைத்தான் ஒயின் செய்கிறது. பவழமல்லி விண்டோஸிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசும். ஒயின் அதை வாங்கி லினக்ஸுக்குப் புரியும்படி சொல்லும். பவழமல்லிக்குத் தான் ஊர் மாறியதே தெரியாது.

அக்டோபர் பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒயின் போட்டு, பவழமல்லியை ஓட வைத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஊர் விஷயத்தை நேரில் சொல்கிறேன். ஜாங்கிரியைப் பார்த்துக்கொண்டு நின்றது உண்மைதான். அம்மா சொன்னது எனக்கும் பிடிக்கவில்லை. நாலு பேர் நடுவில் பெற்ற அம்மாவை மறுத்துப் பேச வாய் வரவில்லை. மறுத்துப் பேசுவதற்கு முன்னால் கையில் ஒரு வழி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது இருக்கிறது. எழுதினால் தப்பாகப் போய்ச் சேர்கிறது, அட்டையைத்தான் பார்த்தாயே. அன்றைக்குக் கடையில் இரு.

அன்புடன்,
இளவரசன்


வேங்கிக்கால்
18.10.2004

மாமாவுக்கு,

நேற்று நான் கடையில் இல்லாதது என் தப்பில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணிக்குப் போகலாம் என்று அத்தை காலையிலேயே வந்து நின்றார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மத்தியானத்துக்குள் வந்துவிடலாம் என்றார்கள். திரும்பும்போது பஸ் போளூரில் படுத்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது நீங்கள் கிளம்பிவிட்டீர்கள்.

பவழமல்லி ஓடுகிறது. அதற்கு நன்றி.

நீங்கள் பிரிண்ட் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினீர்களாம். காகிதம் வந்ததும் அப்பா சுவிட்சை அணைத்துவிட்டார். நான் வந்து கம்ப்யூட்டரில் தேடினேன், நீங்கள் எதையும் சேமித்து வைக்கவில்லை. ஆகவே கையில் இருப்பது இந்தக் காகிதம் ஒன்றுதான். நீங்கள் அனுப்பியது எப்படி வந்து சேர்ந்தது என்று நீங்களே பாருங்கள். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

"ரேணு, பவழமல்லி ஓடுகிறது. ந்தக் காகிதமே அதற்குச் சாட்சி. நீ கேட்டதற்கு ப்போது பதில் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நாம் ருவரும் ங்கேயே ருந்துவிடலாம். ந்த ஊரை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லப் போகிறேன். — ளவரசன்"

எழுத்துகள் உதிர்ந்திருக்கின்றன. எனக்குப் படிக்கத் தெரியாதா? அங்கேயே இருந்துவிடலாம். அந்த ஊரை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். பெங்களூர். அத்தை சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், அத்தை நேராகச் சொன்னார்கள், நீங்கள் ஒயின் போட்டுச் சொல்கிறீர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மனுஷியின் கடையை ஓட வைத்துவிட்டு, அதே காகிதத்தில் அதை மூடு என்று எழுத எப்படி மனம் வந்தது? வராமலே இருந்திருந்தால் கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன். பெங்களூரில் எனக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் ஆபீஸ் போன பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

பத்திரிகை வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ரேணுகாம்பாள்


பெங்களூர்
18.10.2004

ரேணுவுக்கு,

காலையில் வந்து இறங்கியதும் எழுதுகிறேன். உன்னைப் பார்க்காமல் வந்தது வருத்தம்தான். ஆனால் ஒரு விதத்தில் நல்லது. நேரில் இருந்திருந்தால் மறுபடியும் ஏதாவது பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். மென்பொருள் ஓடுகிறதா என்று பார்க்கத்தான் தட்ட ஆரம்பித்தேன், சொல்ல வேண்டியது எல்லாம் கையில் வந்துவிட்டது. அதைத் திரும்ப இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. இந்நேரம் படித்திருப்பாய்.

இங்கே பெங்களூர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்து முடிவைச் சொல்லிவிட்டேன். ஆரணியிலிருந்து சந்தோஷமாக வந்தவளை அழ வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "ஊருல என்னா பேசுவாங்க தெரியுமா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள். போகப் போகச் சரியாகிவிடுவாள். நீ அவளிடம் எதையும் கேட்டுக்கொள்ளாதே.

உனக்குச் சம்மதம்தானா என்று ஒரு வரி எழுது. அதற்குப் பிறகுதான் ஆபீசில் சொல்ல வேண்டும். இல்லை என்றாலும் எழுது. உன் கடிதம் வரும்வரை எனக்கு இங்கே வேலை ஓடாது.

அன்புடன்,
இளவரசன்


வேங்கிக்கால்
23.10.2004

அன்புள்ள மாமாவுக்கு,

பதினெட்டாம் தேதி நான் எழுதிய கடிதம் இன்னும் வரவில்லை என்றால் அதைப் பிரிக்க வேண்டாம். வந்திருந்தால் படித்திருப்பீர்கள், இனி ஒன்றும் செய்ய முடியாது. இதையும் படியுங்கள்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கோபத்தோடுதான் பிரித்தேன். அத்தை அழுதார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பெங்களூர் என்று முடிவானால் அத்தை ஏன் அழ வேண்டும்? ஊர் என்ன பேசப் போகிறது? பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போகிறவனை ஊர் ஏன் பேசும்?

அந்த யோசனையிலேயே இருந்தேன். காலையில் இருசப்பன் என்று ஒருவர் குடிநீர் மனு அடிக்க வந்தார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இன்னாம்மா, எம் பேருக்குத் தலயே காணோம்?" என்றார். வாங்கிப் பார்த்தேன். ருசப்பன் என்று இருந்தது. கீழே, "எங்கள் தெருவில் தண்ணீர் ல்லை" என்று இருந்தது. கலெக்டர் அதைப் படித்துவிட்டு, தண்ணீர்தான் இல்லை, எழுத்துமா இல்லை என்று கேட்டிருப்பார்.

அவருக்கு விட்டுப்போன இடங்களில் பேனாவால் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு தீபத்துக்கு அன்னதான நோட்டீஸ் ஒன்று அடிக்க வேண்டியிருந்தது. அதில் அண்ணாமலையார் வருகிறார், அருள் வருகிறது, அன்னதானம் வருகிறது, அனைவரும் வருகிறார்கள். பிரிண்ட் எடுத்தேன். ஒரு அ-வும் உதிரவில்லை.

கை ஓடவில்லை, மாமா. உங்கள் காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். அதற்குச் சாட்சி என்று இருக்கிறது. அம்மாவிடமும் அப்படியே என்று இருக்கிறது. வேறு எங்கும் என்பதில் எ-வும் இருக்கிறது. எல்லாம் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. உதிர்வது இ ஒன்றுதான். ங்கேயே என்று இருந்ததை நான் அங்கேயே என்று படித்திருக்கிறேன். எனக்குப் பயம் எதுவோ அந்த எழுத்தை எடுத்து வைத்துப் படித்திருக்கிறேன். நீங்கள் என் கடையில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதியது அது.

அப்பா உள்ளே வந்தவர், "இன்னாம்மா, கண்ணு கலங்கியிருக்கு?" என்றார். மிளகாய் பஜ்ஜி என்றேன். கடையில் பஜ்ஜி எதுவும் இல்லை, இருந்தாலும் நம்பிக்கொண்டார்.

பத்திரிகை வேலையை மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். திருவளர்செல்வன் ளவரசன் என்று வருகிறது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, "தல இல்லாத மாப்பிளைக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கறது?" என்று கேட்கிறார். அவருக்கு உங்கள் மேல் இருந்த கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது. ஒயினைப் பற்றி நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க மெஷினு ஒயின்லதான் ஓடுது, சுத்தமான சரக்கு" என்கிறார். மனு அடிக்க வருகிறவர்கள் ஒரு அடி தள்ளி உட்காருகிறார்கள்.

சம்மதமா என்று ஒரு வரி கேட்டீர்கள். பவழமல்லியிலேயே அடித்து, வெட்டி, கீழே ஒட்டியிருக்கிறேன்.

"ங்கேயே வாங்க."

இப்படிக்கு, உங்கள்
ரேணு


பெங்களூர்
1.11.2004

அன்புள்ள ரேணுவுக்கு,

பதினெட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்துவிட்டேன். படித்த அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதில் எழுதினேன், கிழித்தேன். ரூமில் கூட இருக்கும் அருண்பிரசாத், "ஒயின் ஜாஸ்தியாயிடுச்சாடா?" என்று கேட்டான். அவனுக்கும் அட்டைக் கதை தெரியும். அப்புறம் உன் அடுத்த கடிதம் வந்தது. அதைப் படித்தபின் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு மெஸ்காரர் இன்னும் என்னை முறைக்கிறார்.

தப்பு பாதி என்னுடையது. பிரிண்டைப் பார்க்காமல் ஓடியது நான். இ ஏன் உதிர்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு எண்ணுள்ள இடத்தில் உட்கார வைப்பார்கள். பவழமல்லிக்காரர் இ-யைக் கொண்டுபோய், வரியை எங்கே உடைக்கலாம் என்று காட்டும் குறி இருக்கிற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார். விண்டோஸ் அதைக் கண்டும் காணாமல் அச்சடித்துவிடும். லினக்ஸ் கண்டிப்பான ஆள். பிரிண்ட் எடுக்கும்போது, இது குறிதானே, எழுத்து இல்லையே என்று விட்டுவிடுகிறது. இ-க்கு வேறு இடம் கொடுத்து எழுத்துருவைத் திருத்தி பிளாப்பியில் வைத்திருக்கிறேன். பழைய கோப்புகளையும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன நிரல் கூடவே இருக்கிறது. எப்படிப் போடுவது என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அதில் ஒயின் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அம்மா விஷயம். "பொண்டாட்டி ஊருக்குப் போயி உக்காரப் போறான்னு பேசுவாங்கடா" என்பதுதான் அவள் வருத்தம். கீழ்பென்னாத்தூர் பையன் திருவண்ணாமலைக்கு வருவதற்கு இவ்வளவு பேச்சு. வேங்கிக்காலில் நமக்குத் தனியாக வீடு பார்க்கிறேன், மாமா வீட்டில் இருக்கப் போவதில்லை, நினைத்தால் பஸ் ஏறி உன்னிடம் வந்து சாப்பிடுவேன் என்றேன். "பெங்களூர்ல இருந்தா வருஷத்துக்கு ஒரு தரம் வருவே. இங்க இருந்தா வாராவாரம் வருவியா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். "சரி, அவளையும் கூட்டிகினு வா" என்றாள். அவ்வளவுதான் ரேணு, அம்மா சம்மதம் அப்படித்தான் வரும்.

உன் கடையில் பாதி இடம் கேட்க மாட்டேன். ஒரு மேசை போதும். உன்னைப் போலத் திருட்டு விண்டோஸோடு பயந்துகொண்டிருக்கும் டிடிபி கடைகள் ஆரணி, செய்யாறு, போளூர் முழுக்க இருக்கின்றன. அவர்களுக்கு எல்லாம் இதைப் போட்டுக் கொடுப்பேன். ஒயின் என்று பலகையில் எழுத மாட்டேன்.

ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. நீ ஒட்டி அனுப்பிய துண்டு கையில் இருக்கிறது. ங்கேயே வாங்க என்று இருக்கிறது. நீ இப்படித்தான் ஒருமுறை படித்தாய் என்பதால் எனக்கும் சந்தேகம் வருகிறது. அங்கேயேவா, எங்கேயேவா? வேலையை விடப் போகிறவனுக்குத் தெளிவான உத்தரவு வேண்டும். பிளாப்பியைப் போட்டுவிட்டு, முழு எழுத்தோடு அச்சடித்து அனுப்பு.

அன்புடன்,
இளவரசன்


(அஞ்சலட்டை. முழுவதும் அச்சில்)

வேங்கிக்கால், திருவண்ணாமலை
8.11.2004

இளவரசன் மாமாவுக்கு,

இது உறையில்லாத அட்டைதான். அப்பா படிக்கட்டும். ராமதாஸ் அண்ணன் படிக்கட்டும். பெங்களூர் போஸ்ட்மேனுக்குத் தமிழ் தெரிந்தால் அவரும் படிக்கட்டும்.

இங்கே.

இப்படிக்கு,
ரேணுகாம்பாள் இளவரசன்